உப்புப் பொட்டலத்தில் ஒரு கணக்கு

ஜவ்வாது மலையில் உள்ள உண்டு உறைவிடப் பள்ளியில் கணித ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். மலையேறி உழைப்பவர்களுக்கு இரத்த அழுத்தம் வராது என்றே நானும் நம்பியிருந்தேன். ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தந்தை பக்கவாதத்தில் விழுந்தபோது அந்த நம்பிக்கை உடைந்தது. அதுவரை அவர் ஒருமுறைகூட இரத்த அழுத்தம் பார்த்ததில்லை. பெரும்பாலும் அறிகுறி காட்டாமல் இருப்பதே இந்நோயின் இயல்பு.

காரணங்களை வகுப்பில் பட்டியலிட்டோம். சாமைச் சோறு குறைந்து அரிசிச் சோறு; கூடவே ஊறுகாய், கருவாடு, பொட்டலத் தின்பண்டம். பீடி, மெல்லும் புகையிலை, மது. மருத்துவமனையோ தொலைவில்.

ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதையே கணக்காக்கினேன். நான்கு பேர் உள்ள வீட்டில் 1 கிலோ உப்பு 50 நாள்களாவது வர வேண்டும். கோடை விடுமுறையில் பொட்டலம் பிரித்த நாளையும் தீர்ந்த நாளையும் மாணவர்கள் குறித்து வந்தனர். மாட்டுக்கு வைத்ததைக் கழிக்கச் சொன்னேன். 30 நாளில் தீர்ந்த வீட்டில் ஆளுக்கு 8 கிராமுக்கு மேல்! யார் வீடு என்று கேட்காமல் எண்களை மட்டும் கரும்பலகையில் எழுதினோம்.

“அப்பாவுக்கு முன்னாடியே பார்த்திருந்தா, சார்?” என்றான் அந்த மாணவன். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குச் செவிலியரை அழைத்தேன். 140/90-ஐத் தாண்டியவர்களை மறுபரிசோதனைக்கு அனுப்பினார். உங்கள் பள்ளியிலும் அடுத்த கூட்டத்தை இப்படித் தொடங்கலாமே!