பொறுத்திருக்கலாமா?

கேள்வி: மகனுக்கு 11 மாதம். இன்னும் கழுத்து நிற்கவில்லை. பெருமூளை வாதம் என்கிறார் டாக்டர். "சில பிள்ளைகள் மெதுவாகத்தான் தேறும், பொறு" என்கிறார் மாமியார். என்ன செய்வது?
- ஒரு வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: பொறுக்க வேண்டாம் அம்மா, இந்த வாரமே பயிற்சியைத் தொடங்குங்கள். மூளையில் ஏற்பட்ட பாதிப்பு மேலும் பரவாது. ஆனால், பயிற்சி இல்லாவிட்டால் தசைகள் இறுகி மூட்டுகள் மடங்கிவிடும். முதல் சில ஆண்டுகளில்தான் மூளை புது வழிகளை வேகமாகப் பழகும்.

மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்தில் சிகிச்சை இலவசம். உங்கள் பக்கத்து ஆய்க்குடியிலேயே 1981 முதல் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கம் இயங்குகிறது. அதன் பணியாளர்கள் கிராமங்களில் வீடு தேடி வந்தும் பயிற்சி தருகிறார்கள்.

பயிற்சி என்பது சிகிச்சை அறையோடு முடிவதில்லை. குளிப்பாட்டும்போது, உடை மாற்றும்போது, தூக்கும்போதெல்லாம் நடக்க வேண்டியது அது. படுக்க வைத்து ஊட்டாதீர்கள், புரையேறும். தலையைத் தாங்கி நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டுங்கள். மாமியாரையும் ஒருமுறை பயிற்சிக்கு அழைத்துப் போங்கள். பேரனைப் பிடிக்கும் முறையை அவரும் கற்றால் உங்களுக்குக் கொஞ்சம் தூக்கமாவது கிடைக்கும். உங்களுக்கு அது அவசியம்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பியுங்கள். மத்திய அரசின் நிராமயா திட்டத்தில் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு உண்டு. தெரபி செலவும் அதில் அடங்கும்.