கணனி மீட்பு இடையில் நின்றுவிட்டதா? முதலில் கோப்புகளைக் காப்பாற்றுங்கோ

ஸ்தவாங்கருக்குப் புதிதாக வந்த உங்களில் பலர், வேறொருவர் பாவித்த மேசைக் கணனியைத்தான் வாங்கியிருப்பீர்கள். ஊரிலிருந்து வந்த கடிதங்கள், மருத்துவ அறிக்கை, குடும்பப் படங்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கும். ஒருநாள் விண்டோஸ் தொடங்காது. மீட்பைப் போட்டால் அதுவும் பிழைத்துவிடும். அப்போது என்ன செய்யலாம்?

ஒன்றை மனதில் வைத்திருங்கோ. மீட்பு பிழைத்தது என்றால் கோப்புகள் அழிந்துவிட்டன என்று அர்த்தமில்லை. அதற்குப் பிறகு பதட்டத்தில் நாங்கள் அழுத்தும் பொத்தான்தான் பெரும்பாலும் அழிக்கிறது.

ஏன் பிழைக்கிறது?
விண்டோஸை மீள நிறுவுவதற்கென்று வன்தட்டில் ஒரு சிறு பகுதி ஒதுக்கப்பட்டிருக்கும். முன்பு பாவித்தவர் தட்டை மாற்றியிருந்தால் அந்தப் பகுதி இல்லாமல் போயிருக்கலாம். தட்டில் இடம் போதாமல் இருப்பது, தட்டே பழுதாவது, வேலை நடக்கும்போது மின்சாரத்தை நிறுத்துவது ஆகியவையும் காரணங்கள்.

செய்ய வேண்டியவை:

1. மீட்பு நடந்துகொண்டிருந்தால் அவசரப்பட்டு நிறுத்த வேண்டாம். பழைய கணனியில் சில மணி நேரம் எடுக்கும். ஆனால் தட்டிலிருந்து 'டிக், டிக்' என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கோ. தட்டு சாகப் போகிறது.

2. பிரிண்டர், பென் ட்ரைவ் எல்லாவற்றையும் கழற்றுங்கோ. விசைப்பலகையும் மவுஸும் போதும்.

3. நீலத் திரை நோர்வேஜிய மொழியில் வரும். 'ஃபெய்ல்சொகிங்' என்றால் பழுது தேடுதல். 'பெஹொல் ஃபிலேனே மினே' என்றால் என் கோப்புகளை வைத்திரு. 'ஃப்யேர்ன் அல்ட்' என்றால் எல்லாவற்றையும் அழி. இந்தக் கடைசியை இப்போது தொடவே வேண்டாம்.

4. கோப்புகளை வெளியே எடுங்கோ. நண்பரின் கணனியில் உபுண்டு என்ற இலவச மென்பொருளை ஒரு பென் ட்ரைவில் தயாரித்து, அதிலிருந்து உங்கட கணனியைத் தொடங்கலாம். டெல், லெனோவோ கணனிகளில் பொதுவாக எஃப்12, ஹெச்.பி.யில் எஃப்9 விசையை அழுத்த வேண்டும். 'ட்ரை' என்பதைத் தெரிவு செய்யுங்கோ, 'இன்ஸ்டோல்' வேண்டாம். பிறகு கோப்புகளை இன்னொரு பென் ட்ரைவில் பிரதி எடுங்கோ. கடையில் 'மின்னபென்' என்று கேட்டால் தருவார்கள். தட்டு பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்கத் திறப்பு எண் கேட்கும். அது பெரும்பாலும் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கும்.

5. பிரதி எடுத்த பிறகு பயமில்லை. குறைந்தது 8 ஜிபி பென் ட்ரைவில் மைக்ரோசொஃப்ட் இலவசமாகத் தரும் நிறுவல் கோப்பை ஏற்றி, விண்டோஸைப் புதிதாகப் போடலாம். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கணனியில் உபுண்டுவையே நிரந்தரமாகப் போடலாம்.

இதற்கிடையில் உங்கட வழக்கை மறக்க வேண்டாம். தஞ்சக் கோரிக்கை மறுக்கப்பட்டால் மேன்முறையீட்டுக்குப் பொதுவாக 3 வாரம்தான் உண்டு. கணனி திருந்தட்டும் என்று அந்த நாட்களை விட்டுவிடாதையுங்கோ. சட்டத்தரணியிடம் உடனே நிலைமையைச் சொல்லுங்கோ. மின்னஞ்சல் பார்க்க நகர மத்தியில் சொல்வ்பெர்கே கட்டடத்திலுள்ள நூலகத்துக்குப் போகலாம். பொதுக் கணனியில் வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேற மறக்க வேண்டாம்.

கணனி நல்லாக வேலை செய்கிறதா? அப்படியென்றால் இன்றைக்கே முக்கிய ஆவணங்களை ஒரு பென் ட்ரைவில் பிரதி எடுத்து, கணனிக்குப் பக்கத்தில் அல்லாமல் வேறிடத்தில் வையுங்கோ. இன்னொரு பிரதியைச் சட்டத்தரணியிடம் கொடுங்கோ. கணனியை இன்னொன்று வாங்கலாம். ஊரிலிருந்து வந்த ஒரு கடிதத்தை இன்னொரு முறை எடுப்பது கஷ்டம்.