கயிறு பிடிக்கும் கைகள்

நுழையும்முன்

உழைப்பு வாழ்வளிக்கிறது. ஆயினும், உழைக்கும் இடமே உழைப்பவரின் உடலையும் உள்ளத்தையும் நலியச் செய்வதும் உண்டு. அத்தகைய இடத்தில் பொறுத்துக்கொள்வதா, விலகுவதா, மாற்ற முயல்வதா என்னும் வினா, படிப்பை முடித்துப் பணிக்குச் செல்லும் எவர் முன்னும் எழக்கூடும். தூத்துக்குடியின் வரலாறு அவ்வினாவிற்குத் தரும் விடையை எடுத்துரைக்கிறது இப்பாடம்.

கடலடியும் தோணியும்

மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பிகள் வாழும் திட்டுகளைக் கடற்கரை மக்கள் ‘பார்’ என்பர். முத்துக்குளிப்பவர், கயிற்றில் கட்டிய கல்லின்மீது காலூன்றிப் பாருக்கு இறங்குவார். ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சை அடக்கிச் சிப்பிகளைப் பைக்குள் சேர்ப்பார். தோணியில் இருப்பவர் கயிற்றைப் பிடித்தபடி காத்திருப்பார். கீழிருந்து கயிறு அசைந்ததும் விரைந்து மேலே இழுப்பார். ஒருவர் எழுந்து இளைப்பாறும்போது அவருடைய இணையர் மூழ்குவார். 1961ஆம் ஆண்டோடு இக்கடலில் முத்துக்குளிப்பு ஓய்ந்தது. எனினும் அத்தொழிலின் ஒழுங்கு இன்றும் பொருளுடையது. தன் மூச்சின் அளவை அறிதல், அளவு முடியுமுன் குறிப்பறிவித்தல், குறிப்பை உணர்ந்து இழுக்கும் துணையைப் பெற்றிருத்தல் ஆகிய மூன்றும் அங்கு உயிர்காப்பவை.

இதே கரையின் பழைய வரலாற்றில் வேறொரு காட்சியும் உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எரித்திரியக் கடலின் பெரிப்ளஸ்’ என்னும் கிரேக்கப் பயணநூல், கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்தெடுக்கப்பட்டதாகக் குறிப்பிடுகிறது. தொழில் ஒன்றே, கடலும் ஒன்றே. ஆயினும் விருப்பமும் ஓய்வும் மறுக்கப்பட்டபோது அத்தொழிலே தண்டனையாயிற்று. உழைப்பைத் துன்பமாக்குவது பெரும்பாலும் வேலையின் கடினம் அன்று. உழைப்பவர் நடத்தப்படும் முறையே ஆகும்.

கோரல் ஆலையின் வாயிலில்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தூத்துக்குடியின் பெரும் தொழிற்கூடமாக ஆங்கிலேயருக்குரிய கோரல் நூற்பாலை விளங்கியது. அங்கு வேலைநேரம் நீண்டிருந்தது; கூலி குறைந்திருந்தது; வார விடுமுறையும் இல்லை. ஒவ்வொரு தொழிலாளியும் இவற்றைத் தம் தலைவிதி எனக் கருதியவரை எதுவும் மாறவில்லை.

வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் தொழிலாளர்களிடையே பேசினர். அதுவரை தனித்தனிக் குறைகளாக இருந்தவை பொதுக் கோரிக்கைகளாக உருப்பெற்றன. கூலி உயர்வு, வார விடுமுறை, பிற விடுப்பு வசதிகள் ஆகியவற்றை வேண்டி, 1908 பிப்ரவரி 27 அன்று தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர்.

கூலியின்றி வீட்டில் அடுப்பெரிவது எங்ஙனம்? அறப்போர்கள் பல இவ்வினாவின் முன்னரே தளர்ந்துவிடுகின்றன. தூத்துக்குடியில் நகர மக்கள் பொருளுதவி செய்தனர். தொழிலாளர் சிலருக்கு வேறு வேலைகளும் தேடித் தரப்பட்டன. ஆலைக்கு வெளியிலிருந்த நகரமே கயிறு பிடித்து நின்றது. மார்ச் முதல் வாரத்தில் நிருவாகம் இணங்கியது. கூலி உயர்ந்தது, வேலைநேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது.

இவ்வெற்றிக்குப் பின் தலைவர்களைத் துன்பம் சூழ்ந்தது. மார்ச் 12 அன்று வ.உ.சி. கைது செய்யப்பட்டார். தொழிலாளர்க்கு ஓய்வு வேண்டிக் குரல் கொடுத்தவர், கோவைச் சிறையில் செக்கிழுக்க நேர்ந்தது. இன்று தூத்துக்குடித் துறைமுகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கண்ணுக்குப் புலப்படாத நலிவு

இக்காலப் பணியிடங்களின் துன்பம் எப்போதும் வெளிப்படையாகத் தோன்றுவதில்லை. பலர் முன்னிலையில் இழிவுபடுத்துதல், வேண்டுமென்றே ஒதுக்கிவைத்தல், நள்ளிரவிலும் அலைபேசியில் ஆணையிடுதல், பிறர் பிழையை ஒருவர்மேல் ஏற்றுதல் எனப் பல வடிவங்களில் அது நிகழ்கிறது. நிருவகிக்கப்படாத தொடர் பணியழுத்தத்தால் தோன்றும் பணிச்சோர்வை உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் வரையறுத்தது. ஆற்றல் வற்றிய உணர்வு, வேலையில் வெறுப்பு அல்லது விலகல், செயல்திறன் குறைவு ஆகிய மூன்றும் அதன் கூறுகள். அந்நிறுவனம் அதனைப் பணிச்சூழலோடு தொடர்புடைய நிலையாகவே கூறுகிறது. ஆதலால், சோர்ந்தவரைச் சோம்பேறி எனப் பழிப்பது பிழையாகும்.

தன்னைக் காக்கும் வழிகள்

முதலாவதாக, கண்டிப்பையும் இழிவையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். பிழையைச் சுட்டித் திருத்தும் மேலாளர் கடுமையானவராகத் தோன்றினும் அவரால் தொழில் வளரும். பிழையைவிட்டு ஆளையே தாக்கும் சொல்லால் எவரும் வளர்வதில்லை. இரண்டாவதாக, நிகழ்ந்தவற்றை நாள், நேரம், சொல் ஆகியவற்றோடு குறித்துவைத்தல் நன்று. குறிப்பு, முறையீட்டிற்குச் சான்றாகும். தன்மேல் ஐயம் எழும்போது தெளிவும் தரும். மூன்றாவதாக, உடன் பணிபுரிவோர், குடும்பத்தார், நண்பர் ஆகியோருள் நம்பிக்கைக்குரிய ஒருவரிடமேனும் மனம்விட்டுப் பேசுதல் வேண்டும். உறக்கமும் பசியும் குன்றுமாயின் மருத்துவ உதவியை நாடுவதில் இழுக்கில்லை.

இவற்றால் பயன் விளையாதபோது விலகுதலும் தோல்வியாகாது. மூச்சு முடியுமுன் மேலெழுபவரை எவரும் கோழை என்பதில்லை. வாய்ப்பிருப்பின், அடுத்த வாழ்வாதாரத்தைத் தேடிக்கொண்டு விலகுவது அறிவுடைமை.

ஆயினும் ஒருவரின் தற்காப்பு மட்டும் பணியிடத்தைத் திருத்திவிடாது. ஒருவர் விலகிய இருக்கையில் மற்றொருவர் வந்தமர்வார், துன்பம் தொடரும். கோரல் ஆலைத் தொழிலாளர் பெற்ற ஞாயிறு, தனியொருவரின் பொறுமைக்குக் கிடைத்த பரிசன்று. பலர் இணைந்து கேட்டுப் பெற்ற உரிமை. ஆகவே துன்புறும் உடன் பணியாளரின் குறிப்பை உணர்ந்து கைகொடுப்பதும் நலவாழ்வின் ஒரு பகுதியே.

தெரிந்து தெளிவோம்

• பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் 2013இல் இயற்றப்பட்டது. பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடங்களில் உள்ளகப் புகார்க் குழு அமைத்தல் கட்டாயம்.
• கடைப் பணியாளர்களுக்கு இருக்கை வழங்க வேண்டும் எனத் தமிழ்நாடு அரசு 2021இல் சட்டத்திருத்தம் கொண்டுவந்தது.
• மனநல ஆலோசனைக்கு 14416 என்னும் கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.

சிந்தனை வினா

“பொறுமை ஓர் அறம், ஆயினும் அதற்கும் எல்லை உண்டு.” கோரல் ஆலை வேலைநிறுத்தத்தைச் சான்றாகக் கொண்டு இக்கூற்றை ஆராய்க.