குருதி கூறும் சான்று

நம் உடம்பில் ஓய்வென்பதே அறியாது உழைக்கும் உறுப்பு இதயம். நிமிடத்திற்கு ஏறத்தாழ 72 முறையாக, நாளொன்றிற்கு ஓரிலட்சம் முறைக்கு மேல் அது சுருங்கி விரிகின்றது. விலா எலும்புகளுக்குள் மறைந்திருக்கும் அவ்வுறுப்பிற்கு ஊறு நேர்ந்துள்ளதா என்பதை உடம்பை அறுத்துப் பாராமல் அறிவது எங்ஙனம்? நெடுங்காலம் மருத்துவர்கள் நோயாளி கூறும் வலியையும், நாடியையும், பின்னர் இதய மின்வரைபடத்தையும் நம்பியிருந்தனர். இவை எல்லா வேளையிலும் உண்மையைக் காட்டிவிடுவதில்லை.

1954-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் லாடூ, ரோபிளெவ்ஸ்கி, கார்மன் என்னும் மூவர் புதியதொரு வழியை வெளியிட்டனர். மாரடைப்பில் குருதி பெறாது மாளும் இதயத் தசை, உடைந்த பானையினின்று நீர் ஒழுகுவது போலத் தன்னகத்துள்ள பொருள்களைக் கசியவிடுகின்றது. அங்ஙனம் கசிந்த நொதியொன்று நோயாளியின் குருதியில் உயர்ந்து, சில நாள்களில் தாழ்வதை அவர்கள் அளந்து காட்டினர். இதயத்திற்குற்ற தீங்கைக் கையினின்று எடுத்த குருதியிலே காண முடிந்தது பெருவியப்பே. ஆயினும் அந்நொதி கல்லீரலிலும் உண்டு; கல்லீரல் நோயுற்றாலும் அது குருதியில் பெருகும். ஆகவே அச்சான்று ஐயத்திற்கு இடந்தந்தது.

இவ்வையத்தை நீக்க உதவிய பொருளை மருத்துவர் எவரும் தேடிச் செல்லவில்லை. டோக்கியோவில், தசை சுருங்குவது எவ்வாறு என்று ஆராய்ந்துகொண்டிருந்த எபாஷி என்னும் அறிஞர் 1965-இல் ட்ரோபோனின் என்னும் புரதத்தைக் கண்டறிந்தார். இதயத் தசையிலுள்ள ட்ரோபோனின், கைகால் தசைகளில் உள்ளதினின்று சிறிது வேறுபட்டது. அவ்வேறுபாட்டைப் பற்றிக்கொண்டு, அதனைக் குருதியில் அளக்கும் சோதனைகளை 1980-களில் ஐரோப்பிய ஆய்வாளர்கள் அமைத்தனர். இன்று மார்வலியோடு மருத்துவமனைக்கு வருவோர்க்கு முதலிற் செய்யும் சோதனைகளுள் இஃதும் ஒன்று.

எனினும், ட்ரோபோனின் கூறுவது யாது? இதயத் தசை ஊறுபட்டது என்று மட்டுமே கூறும். ஊறு செய்தவர் யார் என்று கூறாது. குருதியில் நுண்ணுயிர்கள் பெருகி உடம்பெங்கும் பரவும் கடுநோயிலும், இதயக் குழாயில் அடைப்பேதும் இல்லாமலே அதன் அளவு உயரக்கூடும். சில நுண்ணுயிர்கள் இதயத்தின் வால்வுகளிலேயே குடியேறி அவற்றை அரித்தழிக்கும். இந்நோயைப்பற்றி ஆஸ்லர் என்னும் மருத்துவ மேதை 1885-இல் இலண்டனில் விரிவுரைகள் ஆற்றினார். அந்நாளில் அது வந்தவர் பிழைத்தல் அரிது.

காய்ச்சலும் மார்வலியும் ஒருங்கே உடைய ஒருவரின் குருதியில் ட்ரோபோனின் மிகுந்திருப்பதாகக் கொள்வோம். மாரடைப்பென்று எண்ணி, உறைந்த குருதியைக் கரைக்கும் மருந்தைச் செலுத்தலாமா? நோய் வால்வில் குடிகொண்ட நுண்ணுயிரால் வந்ததாயின், அம்மருந்தே மூளையில் குருதிப்பெருக்கை உண்டாக்கி உயிரைப் போக்கிவிடலாம். ஆதலின் மருத்துவர்கள் சில மணி நேரம் கழித்து மீண்டும் ட்ரோபோனினை அளந்து, அது ஏறுகின்றதா, இறங்குகின்றதா என்று பார்க்கின்றனர், நுண்ணுயிரையும் தேடுகின்றனர்.

அத்தேடலுக்கு முறையொன்று உண்டு. நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுக்கும் முன்னரே, உடம்பின் வெவ்வேறு இடங்களினின்று மும்முறை குருதி எடுத்து, ஊட்டக் கரைசல் கொண்ட குப்பிகளில் இடுவர். மருந்து முந்திவிட்டால், நோய் தீராதிருக்கவும் குப்பியில் ஒன்றும் முளையாது போகலாம். கார்டியோபாக்டீரியம் ஓமினிஸ் என்னும் அரிய பகைவன் ஒன்றுண்டு. மூக்கிலும் தொண்டையிலும் தீங்கின்றி வாழும் சிற்றுயிரே அது; பெயரிட்டோர் அதன் இருப்பிடத்தைவிட, அது இதயத்திற்குச் செய்யும் கொடுமையையே கருதினர் போலும்! அது மிக மெல்ல வளர்வதாதலின், முன்னாளில் குப்பிகளை இரண்டு வாரங்களுக்கு மேலும் வைத்துக் காத்திருந்தனர். இக்காலத்தில், நுண்ணுயிர் வெளியிடும் கரியமில வாயுவை உணரும் பொறிகள் இரவு பகலாகக் குப்பிகளைக் கண்காணிக்கின்றன. ஐந்து நாள்களுக்குள் பெரும்பாலும் அது அகப்பட்டுவிடுகின்றது. பின்னர் நான்கு வாரங்களோ ஆறு வாரங்களோ ஊசிவழி மருந்து செலுத்தி, நோயாளருள் பெரும்பாலோரை மருத்துவர்கள் பிழைப்பிக்கின்றனர்.