பாலைக்கு வேன் எடுக்கும் முன்: கார்த்திகையிலேயே செய்ய வேண்டிய முடிவுகள்

அகல்விளக்கு லோடுகள் ஊரைவிட்டுக் கிளம்பிய பிறகுதான் விருத்தாசலத்து செராமிக் பட்டறைகளில் மூச்சுவிட நேரம் கிடைக்கும். வடக்கே ஒரு நீண்ட பயணம் போய்வரலாம் என்ற பேச்சும் அப்போதுதான் எழும். அந்தப் பேச்சில் குஜராத்தின் கட்ச் பாலைவனம் அடிபடுவதில் வியப்பில்லை. நாட்டின் டைல்ஸ் உற்பத்தியில் பெரும்பங்கு வகிக்கும் மோர்பி அந்த வழியில் இருக்கிறது. உப்பு வெளியின் ஓரத்தில், ஆண்கள் சக்கரத்தில் வனைய, பெண்கள் வெள்ளையும் கறுப்பும் சிவப்புமாகக் கோலம் தீட்டும் காவ்டா மண்பாண்டங்கள் இருக்கின்றன. சமையல் சாமானும் படுக்கையும் ஏற்றிய ஒரு வேனை இங்கிருந்தே ஓட்டிப் போய்விடலாம் என்பது வழக்கமான யோசனை. அதில் பாதியைக் கைவிடுங்கள் என்பதே இந்தப் பருவத்துக்கான ஆலோசனை. வேனை அகமதாபாத்தில் எடுங்கள், தைப்பூசம் கழிந்து போங்கள், முடிவை மட்டும் இந்தக் கார்த்திகையிலேயே எடுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். விருத்தாசலத்திலிருந்து பெங்களூரு, புணே, அகமதாபாத் வழியாகக் கட்ச்சின் பூஜ் நகரம் 2,000 கிலோமீட்டருக்குக் குறையாது. சாப்பாடு, டீசல், டோல்கேட் எல்லாம் சேர்த்தால் நிறைந்த வேன் மணிக்குச் சராசரியாக 50 கிலோமீட்டர் போவதே பெரிது. ஆக, ஸ்டீயரிங் பிடித்தபடி 40 மணி நேரம். தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்குச் சொல்லும் வேலை நேரம் 8 மணி. ஒரே டிரைவர் என்றால் போக 5 நாள், வர 5 நாள். இரண்டு வார விடுப்பில் பாலைவனத்துக்கு மிஞ்சுவது நான்கே நாள், அதுவும் இடுப்பு ஒடிந்த நிலையில். போதாததற்கு இது ஐயப்ப சீசன். நல்ல வண்டிகளும் அனுபவமுள்ள டிரைவர்களும் மகரவிளக்கு வரை சபரிமலைப் பாதையில்தான் இருப்பார்கள். உங்களுக்கு வாய்க்கும் டிரைவர் முந்தின இரவுதான் பம்பையிலிருந்து திரும்பியவராக இருக்கலாம். சென்னை சென்ட்ரலில் நவஜீவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் சுமார் ஒன்றரை நாளில் அகமதாபாத். படுத்துக்கொண்டே போகலாம்.

மாதத்தை வானிலை மட்டும் தீர்மானிப்பதில்லை, தரையும் தீர்மானிக்கிறது. மழைக்காலத்தில் ரண் எனப்படும் கட்ச்சின் உப்புவெளி முழுக்க நீர்ப்பரப்பு. மழை ஓய்ந்து நீர் வற்ற வற்ற உப்பு படிகிறது. நல்ல மழை பெய்த ஆண்டுகளில் டிசம்பரில்கூட ஈரம் போகாது. மேலே வெள்ளை வெளேரென்று இறுகிக் கிடக்கும் பரப்புக்கு அடியில் களிச்சேறு இருக்கும், சக்கரம் ஏறினால் அச்சு வரை இறங்கும். இதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை: மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும் பச்சை மண்ணைச் சூளையில் ஏற்றினால் என்ன ஆகும் என்று பட்டறைப் பையன்கூடச் சொல்வான். அதனால் தார்ச்சாலையை விட்டு வண்டியை இறக்காதீர்கள், உள்ளூர்க்காரரின் டயர்த் தடம் தெரிந்தாலும்கூட. பௌர்ணமி இரவுகளில் வெள்ளை ரண்ணில் கூட்டமும் கூடாரங்களின் வாடகையும் ஏறும். தைப்பூசமே பௌர்ணமியை ஒட்டி வருவது, அன்றைக்கு வடலூர் ஜோதி தரிசனத்தை விட்டுவிட்டு இந்தப் பக்கத்தார் எங்கே போவார்கள்? அதற்கடுத்த பௌர்ணமியில் விருத்தகிரீஸ்வரர் கோயில் மாசி மகம். இடையில் கிடைக்கும் மூன்று, நான்கு வாரங்கள்தான் பொருத்தமான காலம்: தரை காய்ந்திருக்கும், குளிர் சற்றுத் தணிந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது.

பிள்ளைகளுக்கு லீவு மே மாதம்தானே என்பார்கள். மேற்குப் பாலைநிலத்தில் மே மாதம் என்னவென்று அறிய ராஜஸ்தானின் பலோடியில் 2016 மே 19 அன்று பதிவான 51 டிகிரி செல்சியஸ் போதும். அரையாண்டு விடுமுறையில் போனால் கூட்டமும் வாடகையும் உச்சத்தில் இருக்கும். பள்ளியில் நான்கைந்து நாள் விடுப்புச் சொல்வதே மேல்.

இன்னொரு எதிர்வாதம் கனமானது. காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் சமையல்காரரோடு வேனில் போய்வந்த குடும்பங்கள் எத்தனையோ. பன்னிரண்டு பேர் பங்கிட்டால் செலவும் குறைவு. உண்மைதான். ஆனால் கோயில் பாதையில் பத்து கிலோமீட்டருக்கு ஒரு சத்திரமோ மண்டபமோ உண்டு, கட்ச்சில் கிடையாது. சிலிண்டரை வேனுக்குள் வைத்துச் சமைப்பது எங்குமே தவறு. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ரயில் நிலையம் அருகே நின்றிருந்த லக்னோ சுற்றுலாப் பெட்டியில் தடையை மீறி ஏற்றிய சிலிண்டரால் பற்றிய தீயில் 9 பேர் இறந்தார்கள். நின்ற பெட்டி, ஊர் நடுவே, தீயணைப்பு வண்டி எட்டும் தூரம். அப்படியிருந்தும் அந்தக் கதி. வேனில் கட்டில் அடித்து, சமையல் மேடை போட்டுத் தருகிறேன் என்று சொல்லும் பட்டறையையும் நம்ப வேண்டாம். தயாரிப்பாளரின் அடிப்படை வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. படுக்கை வேன்தான் வேண்டுமென்றால் ஆர்.சி.யில் மோட்டார் காரவான் என்று பதிவாகியிருக்கிறதா பாருங்கள். வாடகை வண்டி மஞ்சள் போர்டாக இருக்கட்டும். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் பார்ப்பது இதைத்தான்.

ஆஸ்திரேலியாவில் இருக்கும் உறவினர்கள் பாலைவனத்தில் வாரக்கணக்கில் வேனிலேயே வாழ்கிறார்களே என்ற கேள்வியும் வரும். அங்கே நம் குளிர்காலம் கொடும் கோடை. சிம்ப்சன் பாலைவனப் பூங்காவை டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மூடியே விடுகிறார்கள். திறந்திருக்கும் காலத்திலும் கழிவுநீர் கொட்ட, தண்ணீர் பிடிக்க ஏற்பாடுள்ள முகாம்களை நம்பித்தான் போகிறார்கள். கட்ச் வேறு வகை. இது பாகிஸ்தான் எல்லைப் பகுதி, இரவில் சாலையோரம் நிறுத்திப் படுக்கலாம் என்று எண்ண வேண்டாம். ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிற மாமா அவசரத்துக்கு உதவுமென்று சாட்டிலைட் போன் கொண்டுவந்தால் ஊரிலேயே வைத்துவிடச் சொல்லுங்கள். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியின்றி அதை இந்தியாவில் வைத்திருப்பதே குற்றம்.

எனவே வேன் பகலுக்கு, படுக்கை ஊருக்குள். ஹோட்கா, தோர்டோ பக்கம் புங்கா எனப்படும் வட்ட மண்வீடுகளில் தங்கலாம். 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்தில் கான்கிரீட் கட்டடங்கள் சரிந்தபோது இந்த வடிவம் பெரும்பாலும் தாக்குப்பிடித்தது. மண்ணில் தொழில் செய்கிறவர்கள் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்க்காமல் வரக் கூடாது. இரவில் வெப்பம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கக்கூடும், பெரியவர்களுக்குக் கம்பளியும் குல்லாவும் கட்டாயம். வெள்ளை ரண்ணுக்கான பெர்மிட்டுக்கு எல்லோருடைய அடையாள அட்டையும் வேண்டும். காவ்டாவிலிருந்து உப்புவெளியைக் கிழித்துக்கொண்டு தோலாவீரா போகும் சாலையில் ஏறும் முன் டீசலை நிரப்பி, ஆளுக்கு 5 லிட்டர் குடிநீர் ஏற்றுங்கள். உள்ளூர்த் தண்ணீர் பல இடங்களில் உப்பு. 2021இல் உலகப் பாரம்பரியச் சின்னமான தோலாவீராவில், ஹரப்பா காலத்தவர் மழைநீரைத் தேக்கிய பெருந்தொட்டிகளைப் பார்க்க அரை நாளாவது ஒதுக்குங்கள். குஜராத்தில் மதுவிலக்கு அமலில் இருப்பதை வேனில் பின்சீட்டுக்காரர்களுக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. கார்த்திகைக் கடைசியில் தேடினால் தையின் பின்பாதிக்கு இடம் கிடைக்கும். பொங்கல் முடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் வெயிட்டிங் லிஸ்ட்தான். போகவர இரு டிக்கெட்டையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள்.