இரவின் இருளும் கடலாமைக் குஞ்சுகளும்

இருள் என்றதும் பாவமும் பயமுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் 104ஆம் திருப்பாடலை எடுத்து வாசித்துப் பாருங்கள். காட்டு விலங்குகள் நடமாடுவதற்கென இறைவன் இரவை அமைத்தார் என்ற கருத்து அங்கே உண்டு. அந்த இரவை நாம் மின்விளக்கால் பகலாக்கும்போது சில உயிர்களுக்கு வழியே தெரியாமற் போகிறது. கடலோரக் குடும்பங்கள் அறிந்த கடலாமையைக் கொண்டே இதனை விளக்கலாம்.

உலகிலுள்ள 7 வகைக் கடலாமைகளுள் 5 வகை இலங்கைக் கரைகளில் முட்டையிடுகின்றன. தங்காலைக்கு அருகிலுள்ள ரெக்கவ இதற்குப் பேர்போன கரை. தாய் ஆமை இரவிலே கரையேறி, குழி தோண்டி, ஏறத்தாழ 100 முட்டைகளை இட்டு மூடிவிட்டுக் கடலுக்குப் போய்விடும். சுமார் 2 மாதத்தில் குஞ்சுகள் பொரித்து, பெரும்பாலும் மணல் குளிர்ந்த இரவு வேளையில் மேலே வருகின்றன. தாயும் அருகில் இல்லை. கடல் எந்தப் பக்கம் என்று அவை எப்படி அறிகின்றன?

வெளிச்சத்தைக் கொண்டுதான். இயற்கையான கரையிலே, தாழையும் மணல்மேடும் நிற்கும் தரைப்பக்கம் கறுத்துத் தெரியும். வானத்து ஒளி பட்டு மினுங்கும் கடற்பக்கம் அதைவிட வெளிச்சமாயிருக்கும். அந்த வெளிச்சத்தை நோக்கி ஓடுவதே குஞ்சுகளின் பிறவிக் குணம். கரையில் ஒரு விடுதி விளக்கோ வீதி விளக்கோ எரிந்தால், அதே குணம் அவற்றுக்கு எமனாகிறது. கடலுக்கு முதுகைக் காட்டி விளக்கை நோக்கி ஊர்கின்றன. நாய்க்கும் நண்டுக்கும் தப்பியவை வாகனச் சில்லில் அகப்படும். எஞ்சியவை விடிந்ததும் வெயிலில் காய்ந்துபோகும். தாய் ஆமையும் வெளிச்சமான கரையில் ஏறத் தயங்கும். ஏறினாலும் முட்டையிடாமல் திரும்பிவிடுவதுண்டு. வெளிச்சம் காட்டி மீனைக் கூட்டும் தொழிலாளருக்கு, ஒளி கடல் உயிர்களை எப்படி இழுக்கும் என்று நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

கடலாமையைக் கொல்வதும் முட்டையை எடுப்பதும் நம் நாட்டுச் சட்டப்படி குற்றம். விளக்கால் அழிவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கரையோரக் கோயில்களின் திருநாட் சோடனையையும் இங்கே சொல்லாமல் விடமுடியாது. நவநாள் முடிந்து சனம் கலைந்த பின்பும் விடியும்வரை கடலைப் பார்த்து எரியும் குமிழ்கள் யாருக்காக? புனிதருக்கு அவை தேவையில்லை.

ஆமை வரும் கரையிலே கடற்பக்க விளக்குகளை இரவுச் செபம் முடிந்ததும் அணைத்துவிடுங்கள். அணைக்க முடியாதவற்றுக்குத் தகரத்தால் மறைப்பிட்டு, வெளிச்சம் நிலத்தில் மட்டும் விழும்படி தாழ்த்துங்கள். வெள்ளை, நீல ஒளியே ஆமைகளை அதிகம் குழப்பும். செம்மஞ்சள், சிவப்புக் குமிழ்களால் தீங்கு குறைவு. குஞ்சுகள் வரக் கண்டால் பிள்ளைகளை டோர்ச் அடிக்க விடாதீர்கள். அருகிலுள்ள விளக்கை அணைத்து, சற்று விலகி நின்று, அவை கடலைச் சேரும்வரை நாய்களை அண்டவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.