சீனி வருத்தமும் நீர்க்கடுப்பும்



பாட்டி திடீரென்று சாப்பிட மறுக்கிறார். பேச்சு தடுமாறுகிறது. பாயிலேயே சிறுநீர் போய்விடுகிறது. "வயசாயிருச்சு, அப்படித்தான்" என்று நாம் விட்டுவிடுகிறோம். அது தவறு. சீனி வருத்தமுள்ள முதியவர்களுக்குச் சிறுநீர்ப்பையில் கிருமி தொற்றினால், எரிச்சல் இல்லாமலும் இப்படி வெளிப்படலாம்.

சீனி கூடினால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறையும். நரம்பு பழுதானால் சிறுநீர் முழுவதும் வெளியேறாது. தேங்கிய நீரில் கிருமி பெருகும். மலையில் கொழுந்தெடுக்கும்போது அடக்கி வைப்பதும், இரவுக் குளிரில் வெளியே போகப் பயந்து தண்ணீர் குடிக்காததும் கெடுதி. கிருமி சிறுநீரகத்துக்கு ஏறி இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து.

குளிர்நடுக்கம், விலா வலி, வாந்தி, தடுமாற்றம் கண்டால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். சீனி குறைந்தாலும் தடுமாற்றம் வரும். இரத்தமும் சிறுநீரும் சோதித்தால்தான் காரணம் தெரியும். பக்கத்து வீட்டு மாத்திரை வேண்டவே வேண்டாம். டாக்டர் தரும் மருந்தை இடையில் நிறுத்தாமல் முடிக்க வேண்டும்.

பெரியவர்கள் வெட்கப்பட்டு மறைப்பார்கள். "ஒண்ணுக்குப் போறதுல கஷ்டமா இருக்கா?" என்று நாம்தான் கேட்க வேண்டும். இன்றைக்கே கேட்போம்.